எருமையைத் துரத்திய கதை

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்கு பஸ்ஸில் போனால், பள்ளிக்கரணைக்கு முன்பே ஜன்னலோரம் இடம் பிடித்துவிடுவேன். சதுப்பின் ஓரத்தில் எருமைகள் மேயும். முதுகில் கரிச்சான், காலடியில் உண்ணிக்கொக்கு. எருமை அடியெடுத்து வைக்கையில் கிளம்பும் பூச்சிகளுக்காகக் காத்திருக்கும். மாடு கடித்துக் குட்டையாக்கிய புல்லில் ஆள்காட்டியும் நெட்டைக்காலியும் ஓடித் திரியும். புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டால் இவை அங்கே தங்காது.

"பறவைகள் இருக்கிற இடத்தில் மாட்டுக்கு என்ன வேலை? வனத்துறை விரட்ட வேண்டாமா?" என்றார் கூட வந்த நண்பர். அவருக்குச் சொன்ன பரத்பூர் கதையை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

ராஜஸ்தானிலுள்ள பரத்பூர், மகாராஜாக்களின் வாத்து வேட்டைக்களம். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். (அதைக் கல்லில் வேறு பொறித்து வைத்திருக்கிறார்கள்!) வேட்டையெல்லாம் ஓய்ந்து, 1980களின் தொடக்கத்தில் அது கேவலாதேவ் தேசியப் பூங்கா ஆனது. சுற்றுவட்டார கிராமங்களின் எருமைகள் தலைமுறைகளாக மேய்ந்த இடம். பறவைகளுக்கு இடைஞ்சல் என்று 1982இல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். சலீம் அலி போன்ற பறவை அறிஞர்களே ஆதரித்த முடிவு. கிராமத்தார் எதிர்த்துத் திரண்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

எருமைகள் வெளியேறின. அவை தின்றுகொண்டிருந்த பாஸ்பாலம் என்ற நீர்ப்புல், கேட்பாரில்லாமல் பரவி ஏரிகளை அடைத்தது. வாத்துகள் நீந்தி இரை தேடுகிற திறந்த நீர் சுருங்கியது. இதையெல்லாம் பத்தாண்டு கூர்ந்து ஆராய்ந்தது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். எருமை மேய்வது அந்த நீர்நிலைக்கு நல்லதே என்பதுதான் அவர்கள் கண்டது. சலீம் அலி வாழ்நாளெல்லாம் உழைத்த அதே கழகம்! 1987இல் அவர் காலமாகிவிட்டார். பிற்பாடு கிராமத்தாரையே உள்ளே விட்டுப் புல் அறுத்துப் போகச் சொன்னார்கள். எருமை கூலியில்லாமல் செய்த வேலை அது.

பள்ளிக்கரணை பரத்பூர் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். மந்தை பெருத்தால் தரையில் கிடக்கும் ஆள்காட்டி முட்டை மிதிபடும். ஆனால் 2007இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவிக்கும் நிலைக்கு இந்தச் சதுப்பைச் சுருக்கியது எருமையா? குப்பைமேடும் கட்டடங்களும்தானே! 2022இல் ராம்சார் அங்கீகாரமும் வந்துவிட்டது.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர் இரண்டு எருமைகளை அங்கேதான் ஓட்டிப்போவார். மாடு கட்டுகிற மனையை உரிமையாளர் பிளாட் போட விற்றுவிட்டாராம். தை பிறந்ததும் எருமைகளைக் கொடுத்துவிடப் போகிறேன் என்றார்.