தோல்வியும் பதவியிழப்பும்: முசோலினியின் வீழ்ச்சி, 1943

போர்க்களத்துத் தோல்வி ஆட்சியாளரை வீழ்த்தும் என்பது பொதுவாக எல்லாரும் ஒப்பும் கருத்தாகும். ஆயின், தோல்வியுற்றார் அனைவரும் தம் நாட்டாரால் நீக்கப்பட்டாரல்லர். இரண்டாம் உலகப் போரில் தோழமை பூண்டு நின்ற சர்வாதிகாரிகள் இருவருள், இத்தாலியின் முசோலினி 1943 ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் தம் நாட்டாராலேயே பதவியினின்றும் அகற்றப்பட்டார். ஜெர்மனியின் ஹிட்லரோ, பெருந்தோல்விகள் பலவற்றிற்குப் பின்னும், 1945 ஏப்பிரல் 30-இல் தற்கொலை செய்துகொள்ளும் வரை ஆட்சியில் நீடித்தார். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1922 அக்டோபரில் முசோலினியைத் தலைமை அமைச்சராக அமர்த்தியவர் அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் ஆவார். அதன்பின் பிற கட்சிகள் ஒழிக்கப்பட்டன, பாராளுமன்றம் வலியிழந்தது, 1928-இல் பாசிசப் பெருமன்றம் சட்டத்தின் வழி அரசின் உறுப்பாக்கப்பட்டது. எனினும், முடியாட்சி ஒழிக்கப்படவில்லை. படையினர் அரசர்க்கே உறுதிமொழி கூறி வந்தனர். 1848-ஆம் ஆண்டின் அரசியற்சட்டமும் ஏட்டளவில் நிலவிற்று. உயிரற்றதெனக் கருதி விடப்பட்ட இச்சட்டமே பின்னர் அவர்க்கு எதிராயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

முசோலினி தம்மைப் போர்த்தலைவராகவே மக்கள்முன் நிறுத்தினார். தரை, கடல், வான் ஆகிய முப்படை அமைச்சுகளும் 1933 முதல் அவர் கையில் இருந்தன. 1940 ஜூனில் போரிடும் படைகளை நடத்தும் அதிகாரத்தையும் அரசரிடமிருந்து பெற்றுக்கொண்டார். வெற்றியின் புகழ் முழுதும் தம்மதாதல் வேண்டும் என்பது அவர் விழைவு. அங்ஙனமாயின் தோல்வியின் பழியும் தம்மையே சாரும் என்பதை அவர் எண்ணினாரல்லர்.

திருக்குறள் வலியறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. ஈண்டு நேர்ந்த பிழையோ அறியாமையன்று, அறிந்தும் புறக்கணித்தமையாகும். படை போருக்கு அணியமாக இல்லை எனத் தலைமைத் தளபதி படோலியோ எடுத்துரைத்தும், போர் விரைவில் முடியும் என்னும் நம்பிக்கையில் முசோலினி 1940 ஜூன் 10-இல் பிரான்சின் மீதும் பிரிட்டன் மீதும் போர் தொடுத்தார். அக்டோபர் 28-இல் கிரீசின்மேற் படையெடுத்தார். சில வாரங்களிலேயே அப்படை அல்பேனியாவிற்குள் துரத்தப்பட்டது. நவம்பரில் டாரண்டோ துறைமுகத்தில் இத்தாலியின் போர்க்கப்பல்கள் மூன்று வான்வழித் தாக்குதலுக்கு இரையாயின. 1940 டிசம்பர் தொடங்கி இரு திங்களுள் வடஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 1,30,000 பேர் சிறைப்பட்டனர். 1941 மார்ச்சில் கெரன் வீழ்ந்தது. 4-ஆம், 5-ஆம் இந்தியப் படைப்பிரிவுகளே அக்களத்தில் பெரும்பங்கு கொண்டன. 1936 மே 5-இல் இத்தாலியர் புகுந்த அடிஸ் அபாபா நகரினுள், சரியாக ஐந்தாண்டு கழித்து அதே நாளில், எத்தியோப்பியப் பேரரசர் மீண்டும் புகுந்தார். 1942-இல் உருசியாவில் நின்ற ஏறத்தாழ 2,30,000 வீரர் கொண்ட படை அவ்வாண்டின் பனிக்காலத்தில் தான் ஆற்றங்கரையில் சிதைந்தது. 1943 மே 13-இல் துனிசியாவில் எஞ்சியோரும் சரணடைந்தனர்.

இத்தோல்விகளின் சுமை இல்லந்தோறும் உணரப்பட்டது. 1941-இல் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 200 கிராம் என வரையறுக்கப்பட்ட ரொட்டி, 1942-இல் 150 கிராமாகக் குறைந்தது. வடபால் தொழில் நகரங்கள் குண்டுவீச்சால் அழிந்தன. 1943 மார்ச்சில் டூரின், மிலான் நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அடக்குமுறையைக் கண்டு இருபதாண்டு அஞ்சியிருந்தவர் அச்சம் நீங்கினர் என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகின்றது.

ஜூலை 10-இல் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின. ஜூலை 19-இல் ஃபெல்ட்ரே என்னுமிடத்தில் முசோலினி ஹிட்லரைச் சந்தித்தார். இத்தாலி போரைத் தொடர இயலாது எனக் கூறுமாறு தளபதிகள் வேண்டியும் அவர் கூறத் துணியவில்லை. அன்றே உரோமாபுரியின்மேற் குண்டுகள் வீழ்ந்தன. 1939-க்குப் பின் கூட்டப்படாத பாசிசப் பெருமன்றம் ஜூலை 24 மாலை கூடி, நள்ளிரவு கடந்தும் வாதிட்டது. கிராண்டி கொணர்ந்த தீர்மானத்திற்கு முசோலினியின் மருகர் சியானோ உட்பட 19 பேர் இசைவளித்தனர்.

அத்தீர்மானத்தின் சொற்பொருள் நுணுகி நோக்கற்பாலது. முசோலினியை நீக்குக என அது வெளிப்படையாகக் கூறவில்லை. அரசியற்சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி படைத்தலைமையை அரசர் மீண்டும் மேற்கொள்க என்றே வேண்டிற்று. 1940-இல் முசோலினி எதனை விரும்பிப் பெற்றாரோ அதனைத் திரும்பப் பெறுவதே அவரை வீழ்த்தும் வழியாயிற்று. மறுநாள் மாலை, படோலியோவைத் தலைமை அமைச்சராக்கியதாக அரசர் அவரிடம் அறிவித்தார். அரசரின் மாளிகையினின்றும் வெளிப்போந்த முசோலினி சிறைப்படுத்தப்பட்டு, நோயாளர் வண்டியிற் கொண்டு செல்லப்பட்டார். அவர்க்காகப் போரிடக் கட்சிப்படையினர் எழவில்லை.

ஜெர்மனியின் நிலை வேறு. 1934-இல் ஹிட்லர் குடியரசுத் தலைவர் பதவியின் அதிகாரங்களையும் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். படையினர் அவர் பெயர் கூறியே உறுதிமொழி ஏற்றனர். அவரை நீக்கும் அதிகாரமுடைய ஒருவரோ அவையோ இல்லாமையின், 1944 ஜூலை 20-இல் எதிர்ப்பாளர் வெடிகுண்டை நாட வேண்டியதாயிற்று. அம்முயற்சியும் தவறிற்று.

இதனால், தோல்வி சர்வாதிகாரியின் பெருமையைத் தகர்க்கும். ஆயின் அவரைப் பதவியினின்றும் இறக்க அதிகாரமுடைய ஒரு நிறுவனம் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது பெறப்படும். இத்தாலிய அரசரைப் போற்றுதற்கு இது சான்றாகாது. முசோலினியை அமர்த்தியவரும், இருபதாண்டு வாளாவிருந்தவரும் அவரே. செப்டம்பர் 8-இல் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டதும் நாட்டின் பெரும்பகுதி ஜெர்மானியர் வசமாயிற்று. செப்டம்பர் 12-இல் ஜெர்மானியரால் விடுவிக்கப்பெற்ற முசோலினி வடஇத்தாலியில் அவர்தம் துணையால் ஆண்டு, 1945 ஏப்பிரல் 28-இல் கொல்லப்பட்டார். பயன்படுத்தத் தவறிய அதிகாரத்தை இருபதாண்டு கழித்துப் பயன்படுத்தியதன் விலையை, அரசரினும் மிகுதியாக, இத்தாலிய மக்களே கொடுத்தனர்.