மதனப்பள்ளியிலிருந்து வந்த ஏணி

என் பீரோவில் ஓர் அட்டை இருக்கிறது. ஒரு மூலையை எலி கடித்துவிட்டது. அச்சடித்ததல்ல, ஸ்கெட்ச் பேனாவால் நான் எழுதியது. ஈர்க்குச்சிக் கட்டு மூன்று, உதிரிக்குச்சி நான்கு, கீழே ஒரு காலிக் கட்டம். முப்பத்து நான்கு என்று பிள்ளை எழுத வேண்டும்.

இப்படிப்பட்ட அட்டைகளைக் கொண்டு பிள்ளைகளே கற்கும் செயல்வழிக் கற்றல், 2007இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. அப்போது வேலூர்ப் பக்கம் ஒன்றியப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். "மெட்ராஸ்ல கண்டுபிடிச்சாங்களாம்மா" என்றார் தலைமையாசிரியர். நான் சித்தூர்க்காரி. "இல்லைங்க சார், அது எங்க ஜில்லா சரக்கு" என்று அவரிடம் சொல்ல இரண்டு வருஷம் ஆனது. அதுவரை எனக்கே தெரியாது.

சித்தூரில் பஸ் ஏறினால் பலமநேர், புங்கனூர் தாண்டி மதனப்பள்ளி. அன்று அதுவும் சித்தூர் மாவட்டம்தான். பக்கத்தில் ரிஷிவேலி, ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பள்ளி. அதைச் சுற்றிய குக்கிராமங்களில் 1980களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ராமா இருவரும் ஓராசிரியர் பள்ளிகளை வளர்த்தார்கள். ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. வேர்க்கடலை பிடுங்கும் நாளில் பிள்ளை வராது. திரும்பி வந்தால் பாடம் எங்கோ போயிருக்கும். அதனால் பாடப் புத்தகத்தைப் பிரித்து அட்டைகளாக்கினார்கள். எந்த அட்டைக்கு அடுத்தது எது என்று சுவரிலிருக்கும் ஏணி சொல்லும். விட்ட படியிலிருந்தே பிள்ளை ஏறலாம். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்.

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுக்கும் இந்த வழக்கம் நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறைக்கு உறவுதான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1790களில் எழும்பூர் அனாதைப் பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். மணலில் விரலால் எழுதும் பழக்கத்தையும் நம்மவர்களிடமே எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' ஆனது.

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பினார். 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது, நான்கே வருஷத்தில் 37,000 பள்ளிகளைத் தொட்டது. எங்கள் பள்ளியில் பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளை உட்கார்ந்தபடி எழுத, சுவரின் அடியில் கரும்பலகை. தலைக்கு மேல் கம்பிப் பந்தல்; பிள்ளைகள் வரைந்த தாள்கள் அதில் தொங்கின. பிரம்புக்கு வேலையில்லை.

ஆனால் அட்டை தொலையும். ஒன்று தொலைந்தால் ஏணியில் ஒரு படி இல்லை. பிள்ளை அங்கேயே நிற்கும். எங்களுக்கு 34 வரும் படி போயிற்று. மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டுவிட்டு ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்தோம். அச்சடித்து வந்ததை நாமே எழுதலாமா என்று பயம்.

அந்தச் சமயத்தில்தான் ரிஷிவேலி போய்வந்த ஒரு டீச்சர் சொன்னார், அங்கே அட்டைகளை ஆசிரியர்கள்தான் உட்கார்ந்து எழுதினார்களாம். அன்று சாயந்திரமே ஸ்கெட்ச் பேனா வாங்கினேன்.

2022இல் தொடக்கப் பள்ளிகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள். பேத்தி வயசில் ஒரு புது டீச்சர் பயிற்சி நூலோடு யோசனை கேட்க வந்தாள். பீரோவைத் திறந்து எலி கடித்த அட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "இது எந்தப் பதிப்பு டீச்சர்?" என்றாள்.