அலுவலகக் கணினிப் பிணையம்: வட சென்னைத் தொழிற்பட்டையில் அதன் தொடக்ககாலப் பராமரிப்பு

அலுவலகக் கணினிப் பிணையம் என்பது ஒரே கட்டடத்தில் உள்ள கணினிகள் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளும்படி கேபிளால் இணைக்கப்பட்ட அமைப்பு. இந்திய அலுவலகங்களில் இது 1980களின் பிற்பாதியில் நுழைந்து 1990களில் பரவியது. இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தையே அளவுகோலாக வைத்து, இத்தனை மெகாபிட்டிலிருந்து இத்தனை மெகாபிட்டுக்கு வளர்ந்தது என்று வரிசைப்படுத்துகிறார்கள். ராயபுரத்தில் தொடங்கி டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை போகும் கடலோரப் பட்டையின் நிலைமைகளை எடுத்துக்கொண்டு பார்த்தால் அந்த அளவுகோல் போதவில்லை. எந்தப் பிணையம் நிலைத்தது, எது கழித்துக்கட்டப்பட்டது என்பதைத் தீர்மானித்தது, பழுது எங்கே இருக்கிறது என்று அங்கே வேலை பார்ப்பவர் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடிந்தது என்பதே.

இந்தப் பட்டைக்குக் கணினியின் தேவை இருந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூரில் 1940களின் இறுதி முதல் மோட்டார் வாகனத் தொழிற்சாலை, திருவொற்றியூரில் 1950களின் நடுப்பகுதி முதல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை, மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்று ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளப் பட்டியல் போட வேண்டிய இடம் இது. தெற்கே துறைமுகத்தில் 1983-இல் கன்டெய்னர் முனையம் திறந்தபின் கிளியரிங் ஏஜென்ட்டுகளின் காகித வேலையும் பெருகியது. ஆனால் கணினி வந்த வழி எளிதாக இருக்கவில்லை. 1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. கணினி நிறுவ முயன்றபோது ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. தானியங்கிமயம் பற்றி ஆராய 1969-இல் தண்டேகர் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. வங்கிகளில் ஊழியர் சங்கங்களுடனான 1983-இன் ஒப்பந்தமும் 1984-இன் ரங்கராஜன் குழு அறிக்கையும் வந்த பிறகே கதவு கொஞ்சம் திறந்தது. அதே 1984-இல் மத்திய அரசின் புதிய கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. வேலை போய்விடும் என்ற அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஒரு பேரேட்டை நான்கு பேர் எழுதிய இடத்தில் ஒருவர் போதும் என்றால் மற்ற மூவரின் கேள்வி உண்மையான கேள்வி.

கதவு திறந்தபின் இரண்டு வகை அமைப்புகள் அக்கம்பக்கமாக நின்றன. வங்கிகளில் யூனிக்ஸ் அல்லது ஜெனிக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரே கணினி. அதிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனி சீரியல் கேபிள் போய் ஒரு டெர்மினலில் முடியும். தனியார் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளின் ஈ.டி.பி. (கணினித் தரவுச் செயலாக்க) பிரிவுகளிலும் பி.சி.க்களைச் சேர்த்து, நாவெல் நெட்வேர் என்ற பிணைய மென்பொருள் ஓடும் ஒரு சர்வரோடு இணைக்கும் முறை பரவியது. முதல் வகையில் ஒரு கேபிள் அறுந்தால் ஒரு டெர்மினல்தான் நிற்கும். இரண்டாவதில், குறிப்பாக மெலிந்த கோஆக்சியல் கேபிளில் ஓடிய ஈதர்நெட்டில், எங்கே அறுந்தாலும் எல்லாரும் நின்றுபோனார்கள். புதியது என்று வாங்கிய தொழில்நுட்பம் இந்த ஒரு விஷயத்தில் பழையதைவிடப் பின்தங்கியிருந்தது.

ஈதர்நெட் 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பிறந்தது. மெலிந்த கேபிளுக்கான தரம் 1985-இல் வந்தது. ஒரே கேபிள் மேசைக்கு மேசை தொட்டுக்கொண்டு போகும். ஒவ்வொரு கணினியின் பின்னாலும் ஒரு ‘டீ’ கனெக்டர். இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர். ஒரு தொடரின் நீளம் 185 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதில் 30 இணைப்புகளுக்கு மேல் கூடாது. எல்லாக் கம்பிகளையும் ஓரிடத்தில் சேர்க்கும் ‘ஹப்’ என்ற பெட்டியை வாங்க வேண்டாம் என்பதால் மலிவு. இதில் வரும் பழுதைத் தேடும் முறை எளியது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. தொடரின் நடுவிலிருக்கும் டீயைப் பிரித்து அங்கே ஒரு டெர்மினேட்டரை மாட்டுவார்கள். சர்வர் இருக்கும் பாதி உயிர்பெற்றால் குறை மறுபாதியில். அதை மறுபடி பாதியாக்க வேண்டும். மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் விரைவு: கணினிகளை அணைத்துவிட்டு, ஒரு டீயின் நடு ஊசிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே அளந்தால் இரு முனை டெர்மினேட்டர்களும் சேர்ந்து 25 ஓம் காட்ட வேண்டும். 50 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. சுழிக்கு அருகில் வந்தால் எங்கோ ஷார்ட். 25-க்கு மேலே ஊசலாடிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு கனெக்டர் தளர்ந்திருக்கிறது அல்லது துருவேறியிருக்கிறது.

அந்தக் கடைசி வகைதான் கடலோரத்தின் தனித் தொல்லை. டோல்கேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் கிழக்கே வங்கக் கடல் எட்டும் தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்றும் ஈரப்பதமும் உலோகத்தை என்ன செய்யும் என்பதற்கு, மண்டபத்தில் கடலோர அரிமானத்தை ஆராய ஒரு நிலையத்தையே நடத்திவந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் பணி சாட்சி. மலிவான கனெக்டர்களில் முலாம் மெலிதாக இருக்கும். அது கரைந்தபின் தொடுமுனை சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. முழுதாக அறுந்த கேபிளை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். விட்டுவிட்டு வரும் குறை, ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) இன்ஜினியர் வந்து நிற்கும்போது சரியாக இருந்து, அவர் கிளம்பிய பிறகு தலைகாட்டும். பென்சில் ரப்பரால் கணினிக்குள் இருக்கும் பிணையக் கார்டின் தங்க விளிம்பைத் தேய்த்துச் செருகுவது அன்றைய முதல் வைத்தியம். அது பல நேரம் பலித்தது, அரிமானப் படலம் உரிந்துவிடும் என்பதால். அடிக்கடி தேய்த்தால் முலாமும் உரியும்.

மின்சாரம் அடுத்தது. வோல்டேஜ் ஏறி இறங்கும் தொழிற்பகுதியில் ஸ்டெபிலைசரும் யு.பி.எஸ்ஸும் இல்லாமல் சர்வரை ஓட்ட முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எர்த் பற்றி அவ்வளவு தெளிவு இருக்கவில்லை. மெலிந்த கேபிளின் வெளிக்கவசம் ஒரே ஓர் இடத்தில்தான் பூமியோடு சேரலாம். கட்டடத்தின் இரு கோடிகளில் இரு வேறு எர்த் குழிகள் இருந்து, கனெக்டரின் உலோகம் கணினிப் பெட்டியில் உரசினால், இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு கேபிள் கவசம் வழியாகப் பாயும், கார்டுகள் எரியும். அப்போது குற்றம் கார்டின் மீது விழும், எர்த் குழி தப்பித்துக்கொள்ளும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளந்து குறித்துவைத்த நிர்வாகிகளே இதைப் பிடித்தார்கள்.

மென்பொருள் பக்கத்திலும் இதே கதைதான். நெட்வேர் சர்வரை ‘டவுன்’ என்ற கட்டளை கொடுத்து முறைப்படி இறக்கியபின்தான் அணைக்க வேண்டும். கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாம் பெரும்பாலும் கிளிப்பர், பாக்ஸ்புரோ போன்ற தரவுத்தள மொழிகளில் எழுதப்பட்டிருந்தன. அவற்றில் தரவைத் திருத்தி எழுதுவது சர்வர் அல்ல, மேசையிலிருக்கும் பி.சி.; எழுதும் நடுவில் கேபிள் துண்டித்தால் இன்டெக்ஸ் கோப்பு சிதைந்துவிடும். மறுநாள் காலையில் ஒரு பில் எண்ணைத் தேடினால் கிடைக்காது, பட்டியல் போட்டால் அது இருக்கும். எல்லாரையும் வெளியேறச் சொல்லிவிட்டு இன்டெக்ஸை மறுபடி கட்டுவது வழக்கமான மருந்து. பயனர் கண்ணுக்கு இது புரோகிராமின் பிழை. வேர் மேசைக்கடியில் தளர்ந்த டீயில் இருந்திருக்கலாம்.

இதற்கெல்லாம் வடிவமைப்பைக் குறை சொல்லலாமா, கேபிளை இழுத்தவரின் கவனக்குறைவுதானே காரணம் என்று கேட்கலாம். பெருக்க வருபவர் மேசையை நகர்த்துவார், எழுத்தர் காலை நீட்டுவார்; இவை எந்த அலுவலகத்திலும் நடப்பவை. கணினியைக் கழற்றும்போது டீயைக் கார்டிலிருந்து பிரிக்க வேண்டும், டீயின் இரு கைகளிலிருந்து கேபிளைப் பிரிக்கக்கூடாது. இந்தச் சிறு வேறுபாடு தெரியாத ஒருவரால் முப்பது பேரின் வேலை நிற்குமானால் குறை அமைப்பில்தான் இருக்கிறது.

1990-இல் முறுக்கு இணைக் கம்பிக்கான ஈதர்நெட் தரம் வந்தது. ஒவ்வொரு கணினியிலிருந்தும் 100 மீட்டருக்குள் ஒரு தனிக் கம்பி ஹப்புக்குப் போகும். வேகம் அதே 10 மெகாபிட். மொத்தக் கம்பி நீளம் பல மடங்கு கூடுகிறது, ஹப்புக்குத் தனிச் செலவு. வேகமே காரணம் என்றால் யாரும் மாறியிருக்கக் கூடாது. நூறு மெகாபிட் தரம் வந்ததே 1995-இல்தான். அமெரிக்கக் கட்டடங்களில் ஏற்கெனவே தொலைபேசிக் கம்பிகள் மேசைதோறும் போடப்பட்டிருந்ததால் அது பரவியது என்பார்கள். அங்கே அது உண்மை. தொலைபேசிக்கே வருடக்கணக்கில் காத்திருந்த நம் ஊரில் அப்படிச் சும்மா கிடந்த கம்பி ஏது? புதிதாக இழுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் மாறினார்கள், ஏனென்றால் ஹப்பின் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சிறு விளக்கு இருந்தது, இணைப்பு போனால் அது அணைந்தது, எந்த மேசை என்று உடனே தெரிந்தது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. டேட்டாபாயின்ட் நிறுவனம் 1977-இல் கொண்டுவந்த ஆர்க்நெட்டும் ஹப் வழியாகத்தான் இணைந்தது. பழுதைத் தனியே பிரிக்க முடிவதே போதும் என்றால் அது ஏன் தோற்றது? அதன் 2.5 மெகாபிட் வேகம் ஒரு காரணம். ஈதர்நெட் பல நிறுவனங்களுக்குப் பொதுவான தரமாகி, கார்டு விலை இறங்கியது இன்னொரு காரணம். மூன்றாவது பராமரிப்பு சார்ந்தது: ஆர்க்நெட் கார்டின் முகவரியை எட்டுச் சிறு சுவிட்சுகளால் கையால் அமைக்க வேண்டும்; இரண்டு கார்டுகளுக்கு ஒரே எண் விழுந்துவிட்டால் பிணையம் முழுவதும் குழம்பும். ஈதர்நெட் கார்டின் முகவரி ஆலையிலேயே பதிந்து வந்தது. கம்பியில் பிரித்த பழுதை ஆர்க்நெட் முகவரியில் மறுபடி எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டது. ஆகவே விலையும் வேகமும் பொருட்டே இல்லை என்று நான் வாதிடவில்லை. அவை சமமாக நின்ற இடத்தில் தராசைச் சாய்த்தது பழுதின் எல்லை.

ஹப்பே கெட்டால் எல்லாரும் நிற்பார்களே என்பதும் சரியான கேள்வி. நிற்பார்கள். ஆனால் அது பூட்டிய பெட்டிக்குள், யு.பி.எஸ். மின்சாரத்தில், எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் இருக்கிறது; கையில் ஒன்று உபரியாக வைத்திருந்தால் சில நிமிட வேலை. உப்புக் காற்று அதையும் அரிக்கும், ஆயினும் அரித்த துளை ஒரு மேசையைத்தான் பாதிக்கும். 1990களின் பிற்பாதியில் விண்டோஸ் என்.டி.யும் டி.சி.பி./ஐ.பி.யும் நெட்வேரை ஓரங்கட்டின. ஹப்பின் இடத்துக்கு ஸ்விட்ச் வந்தது. மெலிந்த கோஆக்சியல் கேபிளைப் புதிய நிறுவல்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று தரநிர்ணய அமைப்பான ஐ.இ.இ.இ. 2011-இல் விலக்கிவைத்தது. அதற்கு முன்பே பெரும்பாலான அலுவலகங்கள் அதைக் கழற்றியிருந்தன.