பேணிக்குள் போன மீன்

சம்பளத்துக்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கிறபோது கடைக்காரரிடம் கேட்டு வாங்குகிற சாமான் ரின் மீன். இலங்கையில் அதற்கு இருக்கிற பெயர் அதுதான். பிறந்த காலத்தில் அது வசதியுள்ளவர்களின் பண்டமாக இருந்தது. கடற்படைக் கப்பல்களும் பணக்கார வீட்டு மேசைகளும்தான் அதைக் கண்டன. அங்கிருந்து நம் அடுப்படி வரைக்கும் அதை இறக்கிவிட்டதில் விஞ்ஞானத்துக்குப் பாதிப் பங்குதான். மற்றப் பாதி, கடலில் அடிக்கடி வந்த பஞ்சத்துக்கும் பெண்களுக்குக் கொடுத்த அரைக் கூலிக்கும் உரியது.

விஞ்ஞானத்தைச் செய்தவர் விஞ்ஞானி அல்ல. பாரிசில் இனிப்புப் பண்டம் செய்து விற்ற நிக்கொலா அப்பேர், சாப்பாட்டைக் கண்ணாடிப் போத்தலில் போட்டுத் தக்கையால் இறுக்கி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டுபிடித்தார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. கிருமியைப் பற்றி விஞ்ஞானி லூயி பாஸ்டர் பேச இன்னும் ஐம்பது ஆண்டு இருந்தது. நெப்போலியன் பரிசு அறிவித்தார், அப்பேர் வென்றார் என்று இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்லுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது, செய்முறையை ஒளிக்காமல் புத்தகமாகப் போடவேண்டும் என்பது நிபந்தனை. போட்டார். அதே ஆண்டு ஓகஸ்டில் லண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர் ஏறக்குறைய அதே முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவருடைய பத்திரத்தில் கூடுதலாக இருந்தது, வெள்ளீயம் பூசிய இரும்புப் பேணி.

அந்த உரிமையை வாங்கிய பிரயன் டொங்கினும் கூட்டாளிகளும் 1813இல் லண்டன் பெர்மண்ட்சியில் தொழிற்சாலை திறந்து கடற்படைக்கு இறைச்சி கொடுத்தார்கள். பேணியைத் திறக்க உளியும் சுத்தியலும் வேண்டும். அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் அதற்கென்று ஒரு திறப்பானுக்குக் காப்புரிமை வாங்கியது 1858இல். பூட்டு வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துத் திறப்பு வந்திருக்கிறது.

மீனைப் பேணிக்குள் போட்டுத் தொழிலாக்கியவரும் ஒரு இனிப்புக்காரர்தான். பிரான்சின் மேற்கே நான்ட் நகரத்து ஜோசப் கொலான் 1824இல் மத்தி மீனுக்கென்றே ஒரு தொழிற்சாலை தொடங்கினார். மத்தி கூட்டமாக வரும், கூட்டமாகப் பிடிபடும், மாலைக்குள் நாறத் தொடங்கும். இப்படி ஒரே நாளில் வந்து குவிந்து ஒரே நாளில் கெட்டுப்போகிற மீனுக்குத்தான் பேணி பொருத்தம். தலையையும் குடலையும் எடுத்து, உப்புநீரில் போட்டு, காற்றில் உலர்த்தி, எண்ணெயில் பொரித்து, ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கி, மேலே எண்ணெய் ஊற்றி ஈயத்தால் ஒட்டினார்கள். நான்டிலிருந்து, பிரான்சின் வடமேற்கே உள்ள பிரித்தானிக் கரை முழுவதும் இந்தத் தொழிற்சாலைகள் முளைத்தன.

பிரித்தானியில் துவார்ணனே என்று ஒரு துறைமுகம். அங்கே ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்கள் தொழிற்சாலைக்குப் போவார்கள். வெள்ளைத் தலைச்சீலை கட்டிய இந்தப் பெண்களுக்கு வேலை நேரம் என்று ஒன்று இல்லை. படகு எப்போது வருகிறதோ அப்போது வேலை. மீன் காத்திருக்காது என்பதால் இரவிரவாக நின்று தலை வெட்டினார்கள், தூக்கம் வராமலிருக்கப் பாடினார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளும் அந்த வரிசையில் நின்றார்கள். 1924 நவம்பரில் அவர்களுக்குக் கூலி மணிக்கு 80 சதம். ஒரு பிராங்க் 25 சதம் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். முதலாளிமார் அசையவில்லை. புத்தாண்டு அன்று, வேலைநிறுத்தத்தை உடைக்க வந்த கூலிப்பட்டாளம் தொழிலாளர் பக்கம் நின்ற மேயர் லெ ஃபிளான்செக்கைச் சுட்டது. அவர் பிழைத்துக்கொண்டார், ஊர் கொதித்தது, ஜனவரி முதல் வாரத்தில் முதலாளிமார் இறங்கி வந்தார்கள். கிடைத்தது மணிக்கு ஒரு பிராங்க். வேலைநிறுத்தத்தில் நின்ற ஜோசபின் பென்கலே அதே 1925இல் நகரசபைக்குத் தெரிவானார். பிரான்சில் பெண்களுக்கு அப்போது வாக்குரிமையே இல்லை. தேர்தல் செல்லாது என்று சில மாதத்தில் தள்ளிவிட்டார்கள்.

மலிவு என்று நாம் சொல்வதற்குள் இந்த 80 சதமும் இருக்கிறது. பேணி வரலாறு எழுதுகிறவர்கள் அப்பேருக்கு ஒரு அத்தியாயம் கொடுத்துவிட்டு இவர்களுக்கு ஒரு அடிக்குறிப்போடு நிறுத்திவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

இனிப் பஞ்சம். மத்தி நம்பமுடியாத மீன்; சில ஆண்டு கரையை நிறைக்கும், சில ஆண்டு வரவே வராது. 1880 வாக்கில் பிரித்தானியில் மீன் குறைந்ததும் பிரெஞ்சு முதலாளிமார் போர்த்துக்கல்லின் செத்துபல் துறைமுகத்துக்குப் போனார்கள். அங்கே மீனும் இருந்தது, கூலியும் குறைவு. 1903இல் கலிபோர்னியாவின் சான் பெட்ரோவில் இதே சங்கடம். அல்பர்ட் ஹாஃப்ஹில் என்பவரின் தொழிற்சாலையில் பேணி கிடக்கிறது, ஆள் நிற்கிறார்கள், மத்தி இல்லை. அந்தக் கடலில் யாரும் பெரிதாக மதிக்காத ஒரு சூரை மீனை ஆவியில் அவித்துப் பார்த்தார்கள். சதை வெளுத்து, கோழி இறைச்சி போல ஆனது. அமெரிக்காவின் டூனா பேணித் தொழில் அந்த வெறும் பேணிகளை நிரப்பப் போட்ட வழியில் பிறந்தது. தென்னமெரிக்காவில் சிலி நாட்டு ஜக் மக்கரலின் கதையும் தூரமில்லை. பெரும்பகுதி கோழித் தீனிக்கும் மீன் தீனிக்குமான மாவாக அரைபட்ட மீன் அது. ஒரு பங்கு பேணிக்குள் போய், கப்பலேறி, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, நம் ரின் மீன் ஆனது. ஆளுக்கு ஆள் விரும்பி வாங்கும் மீன் பேணிக்குள் போவது குறைவு. போனாலும் மலிவாக வராது.

மலாயாவுக்கு அது வேறு வழியாக வந்தது. அல்பிரெட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரர் 1892இல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பனியின் சின்னம் ஒரு சேவல். வாசிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கினார்கள். மலாய் மொழியில் கோழிக்குப் பெயர் அயாம்; அயாம் பிராண்ட் என்று பெயர் நிலைத்தது. அந்த நாட்டுத் தமிழ் வீடுகளில் தக்காளிச் சாற்றில் ஊறிய சார்டின் மிளகாய் வெங்காயத்தோடு சேர்ந்து கறியாகி இன்றும் சோற்றில் விழுகிறது.

சுற்றிலும் கடல் உள்ள இலங்கை, உலகத்தின் மறுகரையிலிருந்து பேணியில் மீன் வாங்கியது பார்க்க வேடிக்கை. மலைநாட்டுக்காரருக்கு அது வேடிக்கை இல்லை. ஐஸ் பெட்டியில் ஏறிவரும் மீன் நுவரெலியாவை எட்டும்போது விலையும் மலையேறிவிடும். பேணிக்கு ஐஸ் வேண்டாம், குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். வெள்ள நிவாரணப் பொதியில் அரிசி பருப்போடு அது வருவதும், அரசாங்கம் அதற்கு உச்சவிலை குறித்து வர்த்தமானி போடுவதும் இதனால்தான்.

சமைக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், அது ஏற்கெனவே வெந்த மீன். 1890களின் நடுவில் அமெரிக்காவில் சாமுவேல் பிரெஸ்கொட்டும் வில்லியம் அண்டர்வுட்டும், கொதிநீருக்கும் சாகாத கிருமி வித்துகள் பேணிக்குள் இருப்பதைக் காட்டினார்கள். அதனால் மூடிய பேணியை நீராவி அழுத்தத்தில் 115 முதல் 121 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் முள்ளும் மெத்தென்று ஆகிவிடும். எறியாமல் நசித்துக் கறியிலே விடுங்கள், கல்சியம் அதில்தான் இருக்கிறது. உப்பிய பேணியை மட்டும் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கவேண்டாம்.

கறியில் மீன் கடைசியில்தான் விழவேண்டும். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை தாளித்து, உருளைக்கிழங்கைத் துண்டுபோட்டு, கறித்தூளும் இரண்டாம் பாலும் விட்டுக் கிழங்கை அவித்து எடுத்த பிறகு மீனை வைத்து, முதற்பாலை விட்டு, ஐந்து நிமிடம் மூடினால் போதும். அகப்பையால் கிண்டினால் குழம்பாகிவிடும். சட்டியை ஒருதரம் சுழற்றுங்கள். இறக்கியபின் தேசிக்காய். பேணியில் 425 கிராம் என்று போட்டிருந்தாலும் வடித்தால் பெரும்பாலும் 280 கிராம் அளவுதான் மீன். ஆறு பேருக்கு அது எட்டாது, கிழங்கு எட்டவைக்கும். மிஞ்சினால் மசித்துக் கட்லட்.

பேணித் தண்ணீரைக் கறியில் சேர்ப்பதா கொட்டுவதா என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை. நான் பாதியைச் சேர்க்கிற கட்சி. முழுவதும் சேர்த்தால் உப்புக் கரிக்கும். பாதியைச் சேர்த்தால் இரண்டாம் பால் கொஞ்சம் குறைத்துப் பிழிந்தாலும் கறி தாங்கும். தேங்காய் விற்கிற விலைக்கு அதையும் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.