மாணவர் பணிப்பயிற்சி

பல்கலைக்கழக மாணவர் தம் பட்டப்படிப்பையொட்டி ஒரு நிறுவனத்தில் குறிப்பிட்ட காலம் வேலை செய்து கற்பது மாணவர் பணிப்பயிற்சி எனப்படும். இன்டர்ன்ஷிப், சாண்ட்விச் படிப்பு, கோ-ஆப், அப்ரண்டிஸ் (பழகுநர்) என்று பெயரும் விதிகளும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. எந்தப் பெயரில் நடந்தாலும் அதன் தரத்தைத் தீர்மானிப்பது வேலை தரும் நிறுவனமே.

தோற்றம்

இங்கிலாந்தின் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரி 1903இல், படிப்புக்கு நடுவே வேலைக் காலத்தை வைக்கும் சாண்ட்விச் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவில் இதற்கு வழி வகுத்தவர் பொறியியல் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர். படிக்கும்போதே வேலை பார்த்த மாணவர்கள் பின்னாளில் தொழிலில் சிறந்து விளங்குவதை அவர் கவனித்தார். 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 27 மாணவர்களுடன் தம் திட்டத்தைத் தொடங்கினார். மாணவர்கள் ஒரு வாரம் வகுப்பிலும் மறு வாரம் பட்டறையிலும் இருந்தார்கள். ஒரு பிரிவினர் கல்லூரிக்குத் திரும்பியதும் மற்றவர்கள் அந்த இடத்துக்கு வந்ததால், முதலாளிக்கு வேலை தடைப்படவில்லை.

கனடாவின் வாட்டர்லூவில் இந்த யோசனை தொழில்துறையிலிருந்தே வந்தது. நாட்டில் பொறியாளர் பற்றாக்குறை இருப்பதை 1956இல் எடுத்துரைத்துப் பேசிய ஐரா நீடில்ஸ், பி.எஃப். குட்ரிச் டயர் நிறுவனத்தின் கனடா தலைவர். அடுத்த ஆண்டே 74 மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின.

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. டைம்லர்-பென்ஸ், போஷ் போன்ற நிறுவனங்களின் முயற்சியால் 1974இல் அங்கே இரட்டைக் கல்விமுறை பிறந்தது. மாணவர் முதலில் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்கிறார். மூன்று மாதம் படிப்பு, மூன்று மாதம் வேலை என மாறி மாறிச் செல்லும் இந்த முறையில், படிக்கும் மாதங்களுக்கும் நிறுவனம் சம்பளம் தருகிறது.

நிறுவனம் செய்ய வேண்டியவை

வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் இன்றைய நடைமுறை தெளிவான முன்மாதிரி. வேலை என்ன, என்ன திறன் வேண்டும் என்பதை எழுதி நிறுவனம் பல்கலைக்கழகத்திடம் பதிவு செய்கிறது. விண்ணப்பித்த மாணவர்களை நேர்காணல் செய்து வரிசைப்படுத்துகிறது. மாணவர்களும் தங்கள் விருப்ப வரிசையைத் தருகிறார்கள். இரண்டையும் பொருத்திப் பார்த்து இடம் ஒதுக்கப்படுகிறது. பருவம் பெரும்பாலும் நான்கு மாதம். முடிவில் நிறுவனம் மாணவரை மதிப்பிடுகிறது. மாணவர்களுக்குத் தரும் ஊதியத்தில் ஒரு பகுதியை ஒன்டாரியோ மாகாணம் வரிச்சலுகையாகத் திருப்பித் தருவதால் சிறு நிறுவனங்களும் துணிந்து முன்வருகின்றன.

இந்தியாவில்

இங்கே அடிப்படைச் சட்டம் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். முதலில் கைத்தொழில் பயிற்சிக்கென வந்த அச்சட்டத்தில், 1973இல் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் சேர்க்கப்பட்டனர். 2014 திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தது. 2019 விதிகளின்படி 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், அந்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். நான்கு பேர் முதல் 29 பேர் வரை உள்ளவை விரும்பினால் சேர்க்கலாம்.

எழுத்து மூலமான ஒப்பந்தமும் அதன் பதிவும் இன்றியமையாதவை. பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என 2019இல் விதிக்கப்பட்டது. தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் சேரும் பட்டதாரிகளுக்கு அக்குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. பழகுநர் சட்டப்படி தொழிலாளி அல்லர். ஆனாலும் அவருடைய பாதுகாப்பும் விபத்து இழப்பீடும் நிறுவனத்தின் பொறுப்பு. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை.

தமிழ்நாட்டில் சாண்ட்விச் படிப்புக்கும் வேர் உண்டு. கோவையில் 1926 முதல் இயங்கிவந்த பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தை ஒட்டி 1951இல் எழுந்த பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, ஐந்தாண்டு சாண்ட்விச் பொறியியல் படிப்புகளை நடத்திவருகிறது. தொழிற்கூடமும் வகுப்பறையும் அங்கே பக்கத்துப் பக்கத்தில்.

மாணவரை நகல் எடுக்கவும் தேநீர் வாங்கவும் அனுப்பும் இடத்தில் பயிற்சி நடப்பதில்லை. முடிக்கத்தக்க ஒரு வேலை, அதைச் சொல்லித்தரும் ஒரு மூத்தவர், உரிய உதவித்தொகை ஆகிய மூன்றையும் நிறுவனம் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். தென்மாநில நிறுவனங்கள் பட்டதாரிப் பழகுநர்களைச் சேர்க்க அணுக வேண்டிய தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் உள்ளது.