குதிரை லாயத்தில் எழுந்த கல்விக்கூடம்

தென் அவுஸ்திரேலியாவிலே பெனோலா என்னும் சிற்றூரில், கைவிடப்பட்டுக் கிடந்த குதிரை லாயமொன்று 1866ஆம் ஆண்டிலே பள்ளிக்கூடமாயிற்று. அதனைச் செப்பனிட்டவர் யோன் என்னும் இளைஞர். அங்கு ஆசிரியையாக அமர்ந்தவர் அவருடைய தமக்கையார் மேரி மக்கிலொப்.

1842இல் மெல்பேண் நகரில், ஸ்கொத்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் மேரி. தந்தையார் கல்விமான்; பொருளீட்டும் திறனோ அவருக்கு வாய்க்கவில்லை. ஆகவே குடும்பப் பாரம் இளம் வயதிலேயே மகளின் தோளில் ஏறிற்று. உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லப் பெனோலாவுக்குச் சென்றவிடத்து, யூலியன் டெனிசன் வூட்ஸ் என்னும் குருவானவரைச் சந்தித்தார். ஆட்டுப் பண்ணைகளிலே எழுத்தறியாது வளரும் சிறார்களைக் குறித்து இருவரும் ஒருங்கே கவலை கொண்டனர். அக்கவலையிற் பிறந்ததே அர்ச். சூசையப்பர் சகோதரிகள் சபை.

பெரிய மடங்களில் வாழாது, இருவர் மூவராகச் சிறு குடில்களிலே தங்கி, ஏழைகள் வசிக்கும் இடத்திற்கே சென்று கற்பிப்பது இக்கன்னியரின் வழக்கம். கட்டணஞ் செலுத்த இயலாத பிள்ளையும் வகுப்பில் அமரலாம். 1871ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 130 சகோதரிகள், நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளிலும் அறநிலையங்களிலும் பணியாற்றினர்.

இடர் வெளியிலிருந்து வரவில்லை. ஆங்காங்குள்ள மேற்றிராணியாருக்கு உட்படாது, தாம் தெரிந்தெடுத்த தலைவியின் கீழ்ச் சகோதரிகள் இயங்குவதை அடிலெயிட் மேற்றிராணியார் ஷீல் விரும்பினாரல்லர். ஒவ்வொரு மடமும் தனித்தனியே பிரிந்தால், ஆதரவற்ற சிற்றூருக்கு ஆசிரியையை அனுப்புவார் யார்? சபை விதியை மாற்ற மேரி இணங்கவில்லை. கீழ்ப்படியாமைக் குற்றஞ் சுமத்தி, 1871 செப்டெம்பர் 22இல் மேற்றிராணியார் அவரைத் திருச்சபையினின்றும் விலக்கிவைத்தார். அப்பொழுது அவருக்கு வயது 29. பள்ளிகள் பல மூடப்பட்டன. சகோதரிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் வாடகையின்றித் தங்க வீடளித்தவர் இமானுவேல் சொலமன் என்னும் யூத வணிகர் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. மேரியோ தம்மை விலக்கியவரைப் பற்றிக் கடுஞ்சொல் கூறினாரல்லர். மரணப் படுக்கையிலே மேற்றிராணியார் மனம் மாறினார். 1872 பெப்ரவரியில் தண்டனை நீக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு மேரி உரோமாபுரி சென்று பாப்பரசர் 9ஆம் பத்திநாதரைக் கண்டார். சபைக்கு ஒரே தலைமை என்னும் விதி நிலைத்தது. சபை சொத்து வைத்திருத்தலாகாது என்னும் விதியோ தளர்த்தப்பட்டது. அதனை ஏற்காத வூட்ஸ் அடிகளின் நட்பு முறிந்தது. வெற்றிக்குக் கொடுத்த விலை அது.

1902இல் பக்கவாதத்தினால் வலப்பக்கம் செயலிழந்தபோது, இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். 1909 ஆகஸ்ட் 8இல் வட சிட்னியிலே உயிர் நீத்தார்.

2010ஆம் ஆண்டில் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ற் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அவுஸ்திரேலியாவின் முதற் புனிதர் அவரே. மக்களோ அதுவரை காத்திருந்தாரல்லர். கல்லறையைச் சூழ்ந்த மண்ணை அவர்கள் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துச் சென்றுகொண்டேயிருந்தமையால், 1914இலேயே அவரது உடலைத் தோண்டியெடுத்துச் சிற்றாலயத்தினுள் அடக்கஞ் செய்ய நேர்ந்தது.