பிரிந்தவளைத் தேடிய உதயணன்

ஆனேக்கல்லில் என் கடைக்கு வாடிக்கையாக வரும் இளைஞன் ஒருவன் ஒருநாள், "ஐயா, பிரிஞ்சு போனவங்களைச் சேத்து வைக்கிற மந்திரம் நிஜமாவே பலிக்குமா?" என்று கேட்டான். அவன் விரும்பிய பெண் "வேண்டாம்" என்று சொல்லிப் பல மாதம் ஆகிவிட்டது. இவனோ வசியத்துக்கென்று சம்பளப் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொன்ன கதையை இங்கே எழுதுகிறேன். நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த மண்ணுக்கும் அதில் பங்குண்டு.

குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றியது பிருகத்கதை. அதைக் கங்க மன்னன் துர்விநீதன் வடமொழியில் ஆக்கினான் என்று கோலார்ப் பகுதியில் கிடைத்த கும்மரெட்டிபுரச் செப்பேடு கூறுகிறது. அதன் வழியிலேயே விஜயமங்கலத்துச் சமணப் புலவர் கொங்குவேளிர் தமிழில் பெருங்கதை பாடினார் என்பது அறிஞர் பலர் கருத்து. முதலும் முடிவும் சிதைந்து கிடைத்த அந்நூலை உ.வே.சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார்.

வத்தவ நாட்டு அரசன் உதயணன், உஞ்சை இளவரசி வாசவதத்தைக்கு யாழ் கற்பித்தான்; காதல் கொண்டு, யானைமேல் ஏற்றி வந்து மணந்தான். பிறகு அவளைத் தவிர வேறு நினைப்பே இல்லை. நாடு பாஞ்சால அரசன் ஆருணியிடம் கிடந்தது. அமைச்சர் யூகி என்ன செய்தார் தெரியுமா? அரண்மனைக்குத் தீ மூட்டி, அரசி மாண்டாள் என்று நம்பவைத்தார். அவளிடம் காரணத்தை எடுத்துச் சொல்லி, அவள் இசைவோடு மறைத்து வைத்தார்.

துடித்த உதயணனும் மந்திரத்தைத்தான் நம்பினான். இறந்தாரை மீட்டுத் தரும் முனிவர் மகதத்தில் இருக்கிறார் என்று கேட்டு இராசகிருகம் போனான். அங்கே பதுமாபதியை மணந்து, மகதப் படைத் துணையால் நாட்டை மீட்டான். அதன்பிறகே வாசவதத்தை அவனிடம் சேர்ந்தாள்.

கவனியுங்கள்: எந்த மந்திரமும் அவளை மீட்கவில்லை. அவளுக்கும் அவன்மேல் மனம் இருந்தது, அதனால் வந்தாள். மனத்தைக் கள்போல் மயக்கும் வினையை எங்கள் சமணத்தில் மோகனீயம் என்போம். உதயணனையும் ஆட்டியது அதுதான்.

"அவளுக்கு மனசு இல்லேன்னா?" என்றான் பையன்.

"அப்போ அவளை அவ வழியில விட்டுடணும்ப்பா. ஆருணி கையில கிடக்கிற உன் நாட்டை மொதல்ல மீட்டுக்கோ."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். இப்போது வசியக்காரனுக்குப் பணம் அனுப்புவதில்லையாம். முழுக்கத் தேறிவிட்டான் என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலைக்கு ஒழுங்காகப் போகிறான். வயது வந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லி வையுங்கள்.